கடலில் பத்தில் ஒரு பங்கு

நீச்சல்குளத்தைத் திறப்பது ஒரு நாள் வேலை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஒழுங்காகச் செய்தால் ஒன்பது நாட்கள் ஆகும்.

டொலார்ட்-டெஸ்-ஓர்மோ என்ற இந்தப் புறநகரில் கிறகரி அண்ணையின் வீட்டு நிலக்கீழ் அறையில் மூன்று வருடமாக வாடகைக்கு இருக்கிறேன். பின்வளவில் உள்ள உப்புநீர்க் குளத்தை மே மாதத்தில் நான்தான் திறப்பேன். குளிர்கால மூடியின் மேல் தேங்கிய பனிநீரை இறைத்து, குழாய்களின் அடைப்புகளைக் கழற்றி, பம்பை ஓடவிட்டு, சுவர்களைத் தேய்த்து, கடைசியில் உப்பு மூட்டைகளைக் கொட்டுவேன். உப்பு கரைந்ததும் பரிசோதனைத் தாளைத் தோய்த்து அளவு பார்ப்பேன். நம்பிக்கை வராது. மறுபடியும் தோய்ப்பேன்.

கிறகரி அண்ணையின் மனைவி அக்னெஸ் அக்காவின் தம்பி அன்டன் டிசம்பரில்தான் மன்னாரிலிருந்து வந்திருந்தான். எனக்குப் பக்கத்து அறை. அவன் இருக்கும் இடத்தில் சிரிப்பு இருக்கும். அதை நான் குறையாகச் சொல்லவில்லை.

குளம் தயாரான சனிக்கிழமை மதியம், என்னோடு மாலை வகுப்பில் படிக்கும் றொஷினியை அக்கா சாப்பிடக் கூப்பிட்டிருந்தா. அன்டன் முள்ளுக்கரண்டியைச் சொதிக்குள் தோய்த்து, கண்ணுக்கு நேரே பிடித்து, நெற்றியைச் சுருக்கினான்.

“பொறுங்கோ, இன்னும் ஒருக்காத் தோய்ச்சுப் பாப்பம். வாத்தியாருக்குச் சந்தேகம்.”

றொஷினிக்குச் சிரித்துப் புரையேறியது. நானும் சிரித்தேன். இவ்வளவுதான் அவன் எனக்குச் செய்தது. சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

அந்த வீட்டில் ஒரு வழக்கம். குளம் திறந்தபின் வரும் முதல் ஞாயிறு, பூசை முடிந்து வந்ததும், வீட்டு ஆண் ஒருவர் குளிர்ந்த நீரில் பாய வேண்டும். அதற்குப் பிறகுதான் சாப்பாடு. இந்த முறை கிறகரி அண்ணைக்கு முதுகு வலி. “கடலோட வளந்த மன்னார்ப் பெடியன் இருக்கேக்க எனக்கென்ன கவலை” என்றார்.

அன்று பின்னேரம் அன்டன் பம்புக்குப் பக்கத்தில் என்னிடம் வந்து நின்றான். முகத்தில் சிரிப்பில்லை.

“அண்ணை, ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ. எனக்கு நீந்தத் தெரியாது. நான் முருங்கன் பக்கம், வயலுக்க வளந்தனான். அத்தானுக்குத் தெரிஞ்சா வருசம் முழுக்கச் சொல்லிச் சிரிப்பார்.” குளத்தைப் பார்த்துக் கேட்டான்: “இது உப்புத் தண்ணிதானே? பேசாலைக் கடலில ஒருக்கா மல்லாந்து படுத்தனான், தானா மிதந்தது. இதுவும் ஆளைத் தூக்குமோ?”

எனக்கு விடை தெரியும். குளத்தில் பத்து லட்சத்துக்கு மூவாயிரத்து இருநூறு பங்கு உப்பு. கடலில் முப்பத்தையாயிரம். நான்கு தடவை தோய்த்துப் பார்த்திருந்தேன்.

“ஓம், தூக்கும். ஆழமான பக்கமாப் பாய். அங்கதான் நல்லாத் தூக்கும்” என்றேன்.

அவன் மூக்கால் தண்ணீர் வர இருமுவதை, மறுநாளும் சாப்பிட வரப்போகும் றொஷினி பார்க்க வேண்டும். அதற்கு மேல் நான் எதையும் நினைக்கவில்லை. ஆளை இழுக்கும் கொக்கித் தடியைக் கை எட்டும் தூரத்தில் வைத்தேன். எனக்கு நன்றாக நீந்தத் தெரியும்.

ஞாயிறு அவன் சிலுவை போட்டுக்கொண்டு பாய்ந்தான். இரண்டு தடவை மேலே வந்தான். கைகளால் நீரை அடித்தான். எல்லாரும் கைதட்டினார்கள்.

“நடிக்கிறான் பார், கள்ளன்” என்றார் கிறகரி அண்ணை.

“டேய், காணும் உன்ர கூத்து. வெளியில வா, சோறு ஆறுது” என்றா அக்கா.

அது நடிப்பில்லை என்று அங்கே தெரிந்தவன் நான் ஒருவன்தான். ஒரு சத்தம் போட்டிருந்தால் போதும். போட்டால், உனக்கெப்படித் தெரியும் என்று கேட்பார்கள். அதை யோசித்தேன். தடி என் கையில்தான் இருந்தது.

அவன் அடியில் அசையாமல் கிடந்தபோது முதலில் றொஷினியின் சிரிப்பு நின்றது. பிறகு மற்றவர்களுடையது. அப்போதுதான் நான் பாய்ந்தேன்.

அடக்கம் முடிந்து இரண்டு வாரமாகிறது. அக்கா தினமும் எனக்குச் சாப்பாடு கொண்டு வருகிறா. “நீ ஒருத்தன்தானடா அவனுக்காகப் பாய்ஞ்சனீ” என்று அழுகிறா. நான் சாப்பாட்டுக் கோப்பையை வாங்கிக்கொள்கிறேன். சாப்பிட்டும் விடுகிறேன்.

நான் உடனே பாய்ந்ததாக உங்கள் பொலிஸ் அறிக்கையில் எழுதியிருக்கிறீர்கள். அதைத் திருத்தத்தான் வந்தேன். மூழ்குகிறவன் என்னையும் இழுத்துவிடுவான் என்ற பயத்தில் தாமதித்தேன் என்று இத்தனை நாளும் எனக்கே சொல்லிவந்தேன். பயம் இல்லை. இந்த முறை எல்லாரும் அவனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அது முடியட்டும் என்று நின்றேன்.