ஆறு நூல் போல்ட்டு

– அப்ப நாளைக்குப் போடிக் கூட்டத்துல நீங்கதான் பேசணும், முத்துக்கண்ணண்ணே. மாட்டேன்னு சொல்லப்படாது.

– நான் பிட்டரு, பவதாரணி மேடம். ஸ்பேனரப் புடிங்கறீங்களா, புடிக்கிறேன். அஞ்சு கம்பெனி முதலாளிக முன்னாடி மைக்கப் புடின்னா எப்படி?

– அந்த அஞ்சு பேரும் அஞ்சு விதமால்ல பெட்டி மாதிரி ரெடிமேட் ரூம் செய்றாங்க. ஒருத்தர் பெட்டி மேல இன்னொருத்தர் பெட்டி உக்காராது. எல்லாத்துக்கும் ஒரே அளவுன்னு விதி எழுதத்தான் ரெண்டு வருசமா நான் கெடந்து அல்லாடுறேன். நீங்க என்னடான்னா, குரங்கணி எஸ்டேட்டு பால்வாடியில கீழ ஒரு கம்பெனிப் பெட்டி, மாடிக்கு இன்னொரு கம்பெனிப் பெட்டின்னு மாட்டியே வச்சுட்டீங்க. அதப் பாக்கத்தான இப்ப மேல ஏறுறோம்.

– அது நூல் புடிச்ச மாதிரி நிக்குது, சும்மா சொல்லல. கம்பிய நல்லாப் புடிச்சுக்கங்க மேடம், பள்ளம். இந்த ஐப்பசி மழையில இதெல்லாம் ரோடா? ஜீப்பா இருக்கக்கண்டு ஏறுது.

– மத்தவங்க ரெண்டு நாள் மல்லுக்கட்டுற சோலியாச்சே. நீங்க அரை நாள்ல எப்படி முடிச்சீங்க?

– கம்பெனிக்காரன் குடுத்தனுப்புன போல்ட்டு ஏறவே இல்ல. மேல் ஓட்டை கொஞ்சம் தள்ளி இருந்துச்சு. கிரேன்காரன் நேரமாச்சுன்னு பறக்குறான். மாப்ள சின்ராசப் போடிக்கு வெரட்டி வேற போல்ட்டு வாங்கியாரச் சொன்னேன். அது எண்ணெ போட்டாப்புல வழுக்கிக்கிட்டு ஏறுச்சு. ஸ்பேனரே தேவப்படல, கையாலயே சுத்துனோம்.

– என்ன போல்ட்டு அது?

– ஆறு நூல்.

– திரும்பச் சொல்லுங்க.

– ஆறு நூல் போல்ட்டு மேடம். இஞ்சுக்கு எட்டு நூல், ஆறு நூலுன்னா முக்கா இஞ்சு. காலங்காலமா கடையில கேக்குறதே அப்படித்தான்.

– கீழ்ப் பெட்டியில வெல்டு வச்சிருக்குற நட்டு இருபது மில்லிமீட்டரு அண்ணே.

– ரெண்டும் ஒண்ணுதான?

– ஒண்ணு மாதிரி. உங்க போல்ட்டு கால் நூலு குறையும். மரை கடிச்சிருக்காது. பல்லு நுனியில சும்மா தொட்டுக்கிட்டு நிக்கும். அதனாலதான் கையாலயே ஏறியிருக்கு. பெட்டி கொஞ்சம் நகந்தாலும் உருவிக்கிட்டு வந்துரும்.

– ஆறு மாசமா நிக்குதே மேடம்.

– இம்புட்டு மழ இல்லாம நின்னுச்சு. இப்பச் சரிவுல மண்ணு ஊறி எறங்குது. எத்தன போல்ட்டுண்ணே அப்படி?

– எட்டும். எட்டுமே அதுதான். ஆத்தா, மாடியிலதான் பிள்ளைக இருக்குக.

– போனக் குடுங்க. டவரு இருக்கா?

– ஒரு கோடு இருக்கு. சுப்புத்தாய்னு போட்டிருக்கும், பால்வாடி ஆயா. என் தங்கச்சிதான். நீயே பேசு ஆத்தா, ஸ்டீரிங்க விட முடியல.

– ஹலோ, சுப்புத்தாயக்கா? போடி இஞ்சினியர் பவதாரணி பேசுறேன். ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன், உங்கண்ணனும் பக்கத்துல இருக்காரு.

– சொல்லு தாயி. மழையில காதே கேக்கல. நானே போன் போடணும்னு இருந்தேன், காலையில இருந்து மாடிக் கதவு அடைக்க மாட்டேங்குது. மேல இடிக்குது.

– நேத்து அடைச்சுச்சாக்கா?

– நேத்து நல்லாத்தேன் அடைச்சுச்சு.

– சுப்பு, பிள்ளைகளக் கீழ எறக்கு.

– பதினோரு பிள்ளைகளும் சாப்புட்டு இப்பத்தேன் கண்ணசந்திருக்குகண்ணே. இந்த மழையிலயா?

– நனையட்டும், எழுப்பு. நான் மாட்டுன போல்ட்டு தப்பு சுப்பு. மாடி சரிஞ்சிரும். ஏலக்கா ஸ்டோருக்குக் கூட்டிப் போ.

– ஆத்தே, என்னண்ணே சொல்ற. ஏ மொக்கம்மா, அந்த ரெண்டையும் தூக்கு.

– படியில ரெண்டு ரெண்டாக்கா. யாரையும் ஓட விடாதீங்க.

– எண்ணு சுப்பு. எனக்குக் கேக்குற மாதிரி எண்ணு.

– நாலு. ஆறு. ஏழு. அண்ணே, எனக்குத்தேன் தல சுத்துதா, தரை ஆடுதா, தெரியல.

– தரையப் பாக்காத. பிள்ளையப் பாரு.

– ஒம்பது. பத்து. மகாராணி தொட்டில்ல கெடக்கா. இரு.

– சுப்பு? பேசு சுப்பு. ஆத்தா, லைனு போச்சா?

– இல்லண்ணே, ஓடிக்கிட்டுத்தான் இருக்கு.

– ஏன் பேச மாட்டேங்குறா?

– பதினொண்ணு. ஸ்டோருக்குள்ள வந்துட்டோம்ணே. எல்லாம் நனைஞ்சு அழுகுதுக, அம்புட்டுத்தேன்.

– மவராசி. அங்கனயே இரு, மாடிப் பக்கம் ஒருத்தரும் போகாதீக.

– கட்டாயிருச்சுண்ணே. டவரு சுத்தமாப் போச்சு.

– போனாப் போகுது. பிள்ளைக பொழைச்சுச்சுக. ஆத்தா, நாளைக்கு நானே மைக்கப் புடிச்சுச் சொல்றேன். நூல் கணக்குல போல்ட்டு வாங்கப்படாதுன்னு நீயும் மொதப் பக்கத்துலயே எழுதிரு.

– எழுதுறேன். அண்ணே, ஆவணியில சிலமலையில இருந்து பிட்டருங்க நாலு பேர உங்ககிட்ட அனுப்புனேனே.

– ஆமா, மேஸ்திரி காசிமாயன் ஆளுக. அங்க பள்ளிக்கூடத்துக்கும் இதே மாதிரி மாடி மாட்ட வழி கேட்டு வந்தாங்க.

– என்ன சொல்லி அனுப்புனீங்க?

– கம்பெனி போல்ட்டு ஏறலேன்னா மல்லுக்கட்டாதீங்க, போடியில போயி ஆறு நூலு...

– ஜீப்பத் திருப்புங்கண்ணே. இன்னைக்கு ரெண்டு மணிக்குத்தான் அந்தப் பள்ளிக்கூட மாடியத் தெறந்து பிள்ளைகள ஏத்துறாங்க.