அருகில் கேட்ட ஒலி

மலைமேல் போனால் நாங்கள் யாரையும் 'நீ' என்றுதான் கூப்பிடுவோம், இன்ஸ்பெக்டர். வங்கி முதலாளியோ மந்திரியோ, மரங்கள் முடிகிற இடத்தோடு அந்த மரியாதையும் முடிந்தது. இது பள்ளத்தாக்கு, உங்கள் அலுவலகம். அதனால் 'நீங்கள்' என்கிறேன்.

நான் டிரோல் மலைநாட்டில் ஒரு பனிச்சறுக்குச் சாமான் கடையின் கல்லாவுக்குப் பின்னால் வளர்ந்தவன். பனிச்சரிவிலிருந்து தப்பிக்கும் பயிற்சியைத் தொடங்கியதும் ஒரு வியாபாரமாகத்தான். பயத்தை அளந்து விற்க வேண்டும். கூடுதலாகக் கொடுத்தால் வாடிக்கையாளர் வீட்டிலேயே உட்கார்ந்துவிடுவார். குறைத்துக் கொடுத்தால் கருவி வாங்காமல் மலையேறி விடுவார். அந்த அளவு எனக்குக் கைவந்தது. காஸியனுக்கு வராது. அவன் என் கூட்டாளி, நல்ல மலைவழிகாட்டி, வாய்தான் அடங்காது.

அன்று எங்களோடு வந்தவர்கள் இரண்டே பேர். ஹாலந்துக்காரன் யோரிட் ஒருவன். இன்னொருத்தி காஸியனின் மனைவி புர்கி. அவள் ஒவ்வொரு குளிர்காலமும் வந்து உட்கார்ந்து பாடத்தை முதலிலிருந்து கேட்பாள். என் மாணவர்களில் அவளுக்கு நிகர் யாருமில்லை.

சரிவின் உச்சியில் நானும் காஸியனும் முன்னால் போய்ப் பார்த்தோம். காலடியில் பனி 'ஹும்' என்று ஒருமுறை அமுங்கியது.

"கேட்டுச்சாடா வெண்டல்? அடியில பொள்ளலா இருக்கு. திரும்பிருவோம்."

"தட்டையான ஊர்லேர்ந்து வந்திருக்கான். ஒரு நல்ல சரிவுகூட காட்டாம அனுப்பினா ஊர்ல போய் என்னடா சொல்வான்?"

"உயிரோட போய் எதையாவது சொல்லட்டும். நீ மலைகிட்டயே பேரம் பேசுறவன்டா."

"பேசினா படியும்."

"சரி, இறங்கு. சாயங்காலம் உன் மானத்தை வாங்கறேன் பாரு. 'சத்தம் கேட்டும் இறக்கினான்'னு எல்லார் முன்னாடியும் சொல்லுவேன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஆனால் சொல்லக்கூடியவன். பயிற்சி முடிந்த மாலை விடுதியில் கூடி, அன்று யார் என்ன தவறு செய்தார் என்று பெயர் சொல்லிப் பேசுவது எங்கள் வழக்கம். அமுங்கிய சத்தத்தைக் கேட்டும் மாணவர்களை இறக்கிய பயிற்சியாளனிடம் அப்புறம் எவன் வருவான்? கடையை இழுத்து மூடிவிட்டுப் போக வேண்டியதுதான்.

ஒருவர் இறங்கி முடித்த பிறகே அடுத்தவர் இறங்க வேண்டும். நான் இறங்கினேன், புர்கி இறங்கினாள், இருவரும் பாறைக்குப் பக்கத்தில் நின்றோம். யோரிட் நடுவழியில் விழுந்துவிட்டான். அவனைத் தூக்கிவிடக் காஸியன் மேலிருந்து வந்தான். இருவர் எடையும் ஒரே இடத்தில் சேர்ந்ததும் சரிவு மொத்தமும் கழன்று அவர்களை மூடியது.

அது நின்ற பிறகு ஒரு சத்தமும் இல்லை. புர்கி உதவிக்குப் போன் செய்தாள். பள்ளத்தாக்கில் மூடுபனி, ஹெலிகாப்டர் கிளம்பாது, ஆட்கள் நடந்துதான் வர வேண்டும் என்றார்கள். ஆக, நாங்கள் இருவர்தான்.

தேடுகருவி உங்களுக்குத் தெரிந்ததுதான். எல்லாரும் நெஞ்சில் கட்டியிருப்போம். புதைந்தவனுடையது கூப்பிடும், தேடுகிறவனுடையது கேட்கும். ஒருவர் தேடும்போது மற்றவர் தன் கருவியை அணைத்துவிட்டு மண்வெட்டியோடு பின்னால் வர வேண்டும், இல்லாவிட்டால் குறுக்கே ஒலிக்கும். "அணைச்சிரு புர்கி" என்றேன். அணைத்தாள்.

என் கருவியில் இரண்டு ஒலிகள். ஒன்று தூரத்தில், இன்னொன்று மிக அருகில். அருகில் இருப்பவரை முதலில் தோண்டு என்றுதான் வகுப்பில் சொல்வேன்.

புர்கி ஓரமாக ஓடினாள். "இங்கதான் வெண்டல். காஸி இங்கதான் மறைஞ்சான், என் கண்ணால பார்த்தேன்."

நானும் பார்த்தேன். அருகில் கேட்ட ஒலியும் அங்கிருந்துதான் வந்தது.

கருவியில் ஒரு பொத்தான் உண்டு. ஒருவரை நீளக் கம்பியால் குத்தித் தொட்டு உறுதி செய்த பிறகு அதை அழுத்துவோம். 'இவர் கிடைத்துவிட்டார்' என்று கருவிக்குச் சொல்வது அது. அவர் ஒலி திரையிலிருந்து மறைந்து, அடுத்தவருடையது மட்டும் நிற்கும். நான் கம்பியை இன்னும் வெளியே எடுக்கவே இல்லை. பொத்தானை அழுத்தினேன்.

"கண்ணை நம்பாதே, கருவியை நம்பு" என்றேன். இது பாடத்தில் இருப்பதுதான். "கீழே காட்டுது, வா."

அவள் வந்தாள். யோரிட் கிடைக்கும்வரை என்னைவிட வேகமாகத் தோண்டினாள். அவன் முகம் நீலமாகியிருந்தது, ஆனால் இருமினான். அவன் கருவியை அணைத்தேன். ஓர் உயிரைக் காப்பாற்றியிருக்கிறோம். அதை எழுதிக்கொள்ளுங்கள்.

"இப்போ காஸி" என்றாள்.

திரையை அவளிடமே நீட்டினேன். "பாரு, ஒண்ணுமே இல்ல. அவன் பேட்டரி போயிருக்கும்."

"காலையில நீதானே எல்லாத்தையும் சோதிச்ச?"

"குளிருக்குப் போயிரும் புர்கி. நம்ம கையில என்ன இருக்கு?"

மறைத்த ஒலியை மறுபடி கொண்டுவர அதே பொத்தான் போதும். விரல் அதன்மேல்தான் இருந்தது. யோரிட் நடுங்கினான், அவனுக்குப் போர்வை சுற்ற வேண்டியிருந்தது. பிறகு நானும் கம்பியை எடுத்துக் குத்தித் தேடினேன், கீழ்ப்பக்கமாக. காஸியன் அங்கே இல்லை என்று எனக்குத் தெரியும். புர்கி அவன் பெயரைச் சொல்லிக்கொண்டே கண்ட இடத்திலெல்லாம் குத்தினாள். அந்தப் பரப்பில் ஒற்றைக் கம்பியால் ஓர் ஆளைத் தொடுவது நடக்கிற காரியமில்லை. அதுவும் அவளுக்குத் தெரியும். ஆனாலும் குத்தினாள்.

கடைசியில் நின்றாள். கையுறையைப் பல்லால் கழற்றிவிட்டு, அணைத்து வைத்திருந்த தன் கருவியை எடுத்தாள். அது உடனே ஒலித்தது.

தோண்டினோம். காஸியனின் முகத்தைச் சுற்றிப் பனி மெல்லிய கண்ணாடிபோல் உறைந்திருந்தது. உள்ளே நெடுநேரம் மூச்சு விட்டவருக்குத்தான் அப்படி உறையும். வகுப்பில் படம் போட்டுக் காட்டுவேன். புர்கி அதை விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு என் கையிலிருந்த கருவியைப் பார்த்தாள்.

அவனைக் கொன்றது நான்தான், இன்ஸ்பெக்டர். அதில் பேரம் பேசவில்லை. ஆனால் அவள் தேடியதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கருவியைப் பனியோடு ஒட்டிப் பிடித்து, அவசரப்படாமல், நீளவாக்கில் ஒருமுறை, குறுக்குவாக்கில் ஒருமுறை. முதல் குத்திலேயே கம்பி அவன்மேல் பட்டது. என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் பேசட்டும். என் பயிற்சியில் குறை என்று மட்டும் யாரும் சொல்ல முடியாது.