முன்பலகைக்கு ஓர் ஆள்

பிம்ப்ரியில் மெட்ரோ கிளம்பியதும், எனக்கு எதிரே இருந்த பெரியவர், பக்கத்தில் தமிழில் போன் பேசி முடித்தவரிடம் கேட்டார்: “சார், உங்க எடை என்ன?”

“எதுக்குங்க?”

“வீட்டு பார்க்கிங்ல பலகையும் ஃபைபரும் வச்சு ஒரு சின்ன மோட்டார் படகு கட்டியிருக்கேன். பின்னாடி நானும் மோட்டாரும். முன்பலகையில ஆள் இல்லேன்னா மூக்கு தூக்கிடுது.”

“வீட்ல யாரையாவது உக்கார வைங்களேன்.”

“என் வீட்டுக்காரி எடைக்குத்தான் அளவு போட்டேன். இப்ப அவ இல்ல.”

“மணல் மூட்டை வைக்கலாமே?”

“வச்சு அணையில ஓட்டிப் பாத்தேன். நேராத்தான் போச்சு. மூட்டை ஒருதரம்கூட என்னைத் திரும்பிப் பாக்கல, அவ்வளவுதான்.”

மற்றவர் இறங்க எழுந்தார். பிளாட்பாரத்தில் கால் வைத்த பிறகு திரும்பி, “அறுபத்தெட்டு கிலோ” என்றார். கதவு மூடிக்கொண்டது.

“சரியா இருக்கும்” என்றார் பெரியவர், அந்தக் கதவிடம்.