பாதுகாப்புக்குப் பத்து மார்க்

எங்கள் ஊர் மண்ணில் கோப்பையும் சாடியும் நன்றாக வரும். கத்தரிக்காயை வரவழைப்பதுதான் கஷ்டம். அந்த மண்ணில்தான் தெருவே சேர்ந்து தோட்டம் போட்டோம், ஐயா. பீங்கான் கம்பெனியில் கழித்துப்போட்ட உடைசலைப் பொறுக்கிவந்து பாத்திகளுக்கு வரப்பு கட்டியவன் நான்.

தெருத் தோட்டங்களுக்கான போட்டி நடக்கும் விதம் தெரிந்தால்தான் என் நிலைமை உங்களுக்குப் புரியும். முதலில் ஊருக்குள் தெருவுக்குத் தெரு. ஜெயித்தால் மாவட்டம், பிறகு மாநிலம், கடைசியில் டெல்லி. நடுவர்கள் வேற்றூர்க்காரர்கள், முகம் பார்த்து மார்க் போடமாட்டார்கள். 2005-இல் மாவட்டப் போட்டியில் திட்டக்குடித் தெரு ஒன்றிடம் தோற்றோம். எங்கள் தோட்டத்து மூலையில் களிமண் வெட்டியெடுத்த பழைய பள்ளம் இருந்தது. குறுகலானது, இரண்டு ஆள் ஆழம். ஆபத்து என்று பாதுகாப்புக்கான பத்து மார்க்கையும் பிடித்துக்கொண்டார்கள். ஊரில் தலைகாட்ட முடியவில்லை எனக்கு.

தினமும் தண்ணீர் பாய்ச்சுவது எதிர்வீட்டு ஆதிலட்சுமிதான். "அந்தப் பள்ளத்தத் தூத்துடுங்கண்ணே, யாராவது வுழுந்துடப் போறாங்க" என்று நச்சரித்துக்கொண்டே இருப்பாள். தூர்ப்பதென்றால் வண்டி வண்டியாக மண் வேண்டும். மறுவருஷமும் மாவட்டத்துக்குத் தேர்வாகி, நடுவர்கள் வரும் நாளும் நெருங்கிவிட்டது. மூங்கில் தட்டி போட்டு, சாக்கு விரித்து, மண் தூவி, மேலே பூசணிக்கொடியை இழுத்துப் படரவிட்டேன். பார்க்க லட்சணமாகவே இருந்தது.

மறுநாள் காலையில் அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். "தூத்துட்டீங்களாண்ணே?" என்றாள். தலையாட்டினேன். உண்மையைச் சொன்னால் நடுவர்கள் முன்னால் உளறிக்கொட்டிவிடுவாள்.

தெருவே வாசலில் நின்று நடுவர்களை வரவேற்றுக்கொண்டிருந்தது. கொடியைச் சரிசெய்யப்போன ஆதிலட்சுமி தட்டிமேல் காலை வைத்துவிட்டாள். நான் மட்டும்தான் பார்த்தேன். ஓடிப்போய் இலைகளை விலக்கினேன். கணுக்காலைப் பிடித்துக்கொண்டு அடியில் கிடந்தாள்.

"கை குடுங்கண்ணே" என்றாள்.

"கொஞ்சம் பொறுத்துக்கம்மா, வந்துட்டாங்க" என்று சொல்லிவிட்டு, கொடியை மறுபடி இழுத்து மூடினேன்.

அவள் பொறுக்கவில்லை, ஐயா. கத்த ஆரம்பித்தாள். அந்த வருத்தம் எனக்கு இப்போதும் உண்டு. என்ன சத்தம் என்று ஒரு நடுவர் கேட்டார். "பக்கத்து வூட்டு டிவிங்க" என்று சொல்லிவிட்டு மோட்டாரைப் போட்டேன்.

அந்த வருஷம் மாவட்டத்தில் முதல் பரிசு எங்களுக்குத்தான்.

என்னைக் கொலைகாரன் என்கிறார்கள். நான் அவளைத் தொடக்கூட இல்லை. சத்தம் வெளியே கேட்கக் கூடாதென்று மோட்டாரை ஓடவிட்டேன், அவ்வளவுதான். பாத்தியில் மிஞ்சும் தண்ணீரெல்லாம் அந்தப் பள்ளத்துக்குள்தான் இறங்கும். தெரியாமல் என்ன, குழாயைப் பதித்ததே நான்தானே.