பொற்கொடிக்கு வசனம் கிடையாது

அசோக்குமார்: ஏறுங்கக்கா! ஊத்தங்கரை பஸ் கிளம்பப் போகுது... பையைக் குடுங்க, நான் தூக்கி வைக்கிறேன்.

பொற்கொடி: பையை விடுங்க சார்.

அசோக்குமார்: பதினோரு மணிக்கு ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் கம்பெனிக்கு வர்றாரு. அதுக்குள்ள நீங்க ஓசூரைத் தாண்டிடணும்.

பொற்கொடி: ஏன்? நான் என்ன கொலையா பண்ணிட்டேன்?

அசோக்குமார்: மெதுவா... கண்டக்டர் பாக்கறாரு.

பொற்கொடி: பாக்கத்தான் செய்வாரு. ‘ஏணியில இருந்து விழுந்து செத்தது நீங்கதானே?’ன்னு இப்பத்தான் கேட்டாரு. அவரு மகன் கம்பெனியிலயும் என் படம் ஓடுதாம்.

அசோக்குமார்: அந்தப் பெருமை இப்ப வேணாம்.

பொற்கொடி: பன்னெண்டு வருஷம், பத்தொன்பது பாதுகாப்புப் படம். கரண்ட் அடிச்சு, ஆசிட் பட்டு, ஃபோர்க்லிஃப்ட்ல நசுங்கி... ஒண்ணுலயாவது வாயைத் திறக்க விட்டீங்களா?

அசோக்குமார்: லைன்ல வேலை பாக்கறவங்க பேசறது தமிழ், கன்னடம், தெலுங்கு, இந்தி... வசனம் வச்சா யாருக்குப் புரியும்? அதனாலதானே நீங்க ஸ்டாரு!

பொற்கொடி: ஸ்டாரு... இன்னும் கான்ட்ராக்ட்டு.

அசோக்குமார்: அடுத்த மாசம் பர்மனென்ட். மேனேஜரே சொல்லிட்டாரு. பதினஞ்சு நாள் ஊர்ல இருங்க, போதும்.

பொற்கொடி: ஆஸ்பத்திரியில கெடக்கற ரஞ்சிதாவுக்கு என்ன சொன்னாரு?

அசோக்குமார்: அது வந்து... பிரஸ் மிஷின் முன்னாடி இருக்கிற பாதுகாப்பு வலையை அவளே கழட்டிட்டு கையை விட்டான்னு... ரிப்போர்ட் எழுதியாச்சு.

பொற்கொடி: அப்ப நஷ்டஈடு?

அசோக்குமார்: கிடைக்காது.

பொற்கொடி: நாலு விரலு சார். இருபத்திரண்டு வயசு.

அசோக்குமார்: எனக்கு மட்டும் வயிறு எரியலையா? ஆனா...

பொற்கொடி: வலையைக் கழட்டினது நீங்க! கை நசுங்கறது கேமராவுல தெரியலைன்னு, நம்ம ஷூட்டிங்குக்காக...

அசோக்குமார்: ஐயோ, கத்தாதீங்க!

பொற்கொடி: அடுத்த ஷிப்ட்டுக்கு அவ வந்தா. வலை இல்லை.

அசோக்குமார்: உங்ககிட்ட திருப்பி மாட்டச் சொல்லிட்டுத்தானே போனேன்?

பொற்கொடி: சொன்னீங்க சார்.

அசோக்குமார்: அப்பறம்? இன்ஸ்பெக்டர் அதைக் கேட்டா என்ன சொல்வீங்க?

பொற்கொடி: ரஞ்சிதாகிட்ட சொன்னதையேதான். காலையிலேயே ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துட்டேன் சார். ‘எடுத்ததைக் கேமராவுல ஓட்டிக் காட்டினாங்கடி... என் முகத்தையே பாத்துக்கிட்டு நின்னுட்டேன். வலையை மாட்டாம விட்டது நான்தாண்டி’ன்னு அழுதேன்... அவ கட்டுப் போட்ட கையைத் தூக்கிக்கிட்டு சுத்திமுத்திப் பாக்கறா. ‘கேமராவை எங்கக்கா வச்சிருக்காங்க?’ங்கறா.