பெரியம்மா குந்தி எழும்பினது

முகத்துவாரத்தில் படகடியில் நின்றவர்கள்: கதிரவெளியிலிருந்து வந்த எழுபது வயதுப் பெண், அவருடைய மகள், மருமகன், படகுக்காரர். பக்கத்தில் நான். யுத்தம் முடிந்த அடுத்த வருடம் அது. கடலுக்குள் கூட்டிப்போய் டொல்பின் காட்டும் பயணம்.

மகள் விடவில்லை. "சுனாமிக்குப் பிறகு கடலத் திரும்பியும் பாக்காத ஆள் நீங்க. இப்ப என்ன ஆசை?"

"கடல் வந்து என்னப் பாத்திட்டுப் போனதுதானே. நான் போய்ப் பாக்கப்படாதா?"

படகுக்காரர் சொன்னார்: "பெரியம்மா, ஒருக்கா மணல்ல குந்தி, கை ஊண்டாம எழும்புங்க. அலை அடிச்சா படகுக்குள்ள குந்தத்தான் வேணும். எழும்ப ஏலாட்டி ஏத்த மாட்டன்."

அவர் குந்தினார். எழும்பினார்.

"திரும்பி வரக்குள்ள களைச்சிருவீங்க," என்றாள் மகள்.

மறுபடியும் குந்தினார், எழும்பினார், திரும்பவும் குந்தினார். "வயல் வட்டைக்குள்ள குந்திப் புல்லுப் பிடுங்கின முழங்கால் புள்ள இது."

மருமகனும் குந்திப் பார்த்தார். கையை ஊன்றித்தான் எழும்பினார்.

"அப்ப மருமகனக் கரையில விடுவம்," என்றார் படகுக்காரர்.

மகளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "சரி, போயிட்டு வாங்க. காணும், நிப்பாட்டுங்க."

பெரியம்மா நிறுத்தவில்லை. நான் எண்ணிக்கொண்டு நின்றேன்.

பதினொரு தரம்.