மூன்றாம் தண்ணீர்

— வெரல வெளிய எடுங்க தம்பி. கை கழுவாம தொட்டிக்குள்ள வுடாதீங்க.

— நான் வளர்ப்பு மீன் கடைக்காரன், அக்கா. கொட்டாஞ்சேனையில றெஜிட கடையெண்டு யாரிட்டயும் கேட்டுப் பாருங்க. இருபது வருசமா இந்தக் கைதான்.

— கடையில நீங்க றெஜியா இருங்க. இங்க இன்னைக்கு மூணாந் தண்ணி ஊத்துற நாளு. குசினிக் குழாயில கழுவிட்டு வாங்க. வெறுந் தண்ணி போதும்... என்ன, வெரலெல்லாம் இப்புடி பச்ச புடிச்சிருக்கு?

— மருந்துக் கறை. கழுவினாலும் போகாது. இந்தத் துணிய ஒருக்கா தூக்குங்க, பார்ப்பம்.

— தூக்குறேன். வெரசா பாருங்க. ரொம்ப வெளிச்சம் ஆகாது.

— ஏஞ்சல் மீன் ஒம்பது. லோச் மீன் நாலு. பதின்மூண்டும் இருக்கு. வாலெல்லாம் கண்ணாடி மாதிரி. செவுள் அவசரப்படேல்ல. ஒண்டும் கல்லில போய் உரசேல்ல. அக்கா, மெய்யச் சொல்லுங்க. செத்ததுகள எடுத்துப்போட்டு வேற எங்கயும் வாங்கி விட்டீங்களா?

— அடத் தாயே. அந்தா நிக்கிது பாருங்க, செட்டை ஓரம் கிழிஞ்ச பெரியவன், அது செத்துப்போன தொரையோட மீனு. அதுக்கு மாத்து நான் எந்தக் கடையில வாங்குவேன்? வீட்டுக்கார நோனா தெனமும் அதுகிட்டத்தான் பேசும். மக வீட்டுக்கு மெல்போன் போகயிலகூட அதுகிட்டதான் மொதல்ல சொல்லிக்கிச்சு. பொறவு என்கிட்ட சொன்னுச்சு, "பாக்கியம், நான் வரயில இதுல ஒண்ணு கொறைஞ்சாலும் நீ ஒன் ஊரு பொகவந்தலாவைக்கு பஸ் ஏறிரு"ன்னு. ஞாயித்துக்கெழம வருது. இதுல நான் வெளையாடுவேனா?

— ஆனா நீங்க போனில அனுப்பின வீடியோ நான் பார்த்தனான். உப்புத் தூவின மாதிரிக் கிடந்தது, மீன்ட மேல் முழுக்க. அப்படி வந்தா பத்து நாளில தொட்டி காலி. அதுக்குத்தான் மருந்துப் போத்தலோட ஓடி வந்தனான். நீங்க கதவுக்கு அந்தப் பக்கம் நிண்டு என்ன சொன்னீங்க?

— வீட்டுல அம்மா போட்டிருக்கு, உள்ள வராதீங்கன்னு சொன்னேன்.

— உங்களுக்குக் கொப்புளிப்பான் எண்டு நினைச்சு நாலு மாடியும் படியால இறங்கி ஓடினனான். லிஃப்டுக்குக்கூட நிக்கேல்ல. போத்தலை வோச்சர்ட மேசையில வச்சிட்டுப் போயிட்டன்.

— அவர் கொண்டாந்து குடுத்தாரு. எனக்கு ஒண்ணுமில்ல. மீனுக்குத்தான் போட்டிருந்துச்சு.

— மீனுக்கு அம்மையா?

— பேர பட்டுன்னு சொல்லாதீங்க. வெள்ள வெள்ளயா முத்து எறங்கியிருந்துச்சு. அரிப்புத் தாங்காம கல்லுல போய் தேய்ச்சுக்கிச்சு. எங்க தோட்டத்து லயத்துல புள்ளைங்களுக்கு வந்தா இப்புடியேதான் சொவருல தேய்க்கும். கண்ணால கண்டா தெரியாதா?

— சும்மா கதை. அது ஒரு கிருமி, அக்கா. மீன்ட தோலுக்குள்ள பூந்து நிக்கும். சரி, போத்தல் எங்க?

— அலுமாரி மேல. மூடிகூட தொறக்கல. அம்மா எறங்கி இருக்கயில மருந்து குடுத்தா கோவிச்சுக்குவா.

— ஒரு துளியும் போடேல்ல?

— போடல.

— பிறகு எப்படி? இஞ்ச இருங்க. முதல் நாளில இருந்து சொல்லுங்க. ஒண்டும் விடாம.

— சொல்றேன். எதுக்கு உள்ளங்கையில எழுதுறீங்க?

— மறந்து போவன். சொல்லுங்க.

— மொதல்ல ஏசிய நிப்பாட்டினேன். மெசின் காத்து அவளுக்கு ஆகாது. ஜன்னல சாத்தி, தொட்டி மேல மஞ்சத் துணி போட்டேன். இன்னையோட பதினோரு நாளு.

— அதுதான் இந்த வெக்கை. பொறுங்க, தண்ணியப் பாக்கிறன்... முப்பத்தொண்டு டிகிரி. ஏசியோட இந்தத் தொட்டி இருபத்தினாலுக்கு மேல போனதில்ல. ஆண்டவரே. அக்கா, முப்பதைத் தாண்டினா அந்தக் கிருமிக்குப் பெருக ஏலாது. இருட்டில மீனும் அமைதியாக் கிடக்கும். காத்துக் குழாயையும் நிப்பாட்டினீங்களா?

— அது மூச்சு இல்லயா? அத நிப்பாட்ட நான் யாரு. அது பாட்டுக்கு ஓடுச்சு.

— வெக்கையில காத்து இல்லாட்டி அதுகள் வாய் பிளந்து செத்திருக்கும். சரி. தீன்?

— வீட்டுல தாளிக்கல, பொரிக்கல. நானே கஞ்சிதான் குடிச்சேன். அதுகளுக்கு மட்டும் ஒரு சிட்டிக எரை போட்டா சாமி குத்தமா? ஒரே ஒரு சிட்டிக.

— அதுவும் சரி. தண்ணி மாத்தினீங்களா? குழாய்த் தண்ணியிலதானே? அதில குளோரின் மருந்து கிடக்கு, செவுளை எரிக்கும்.

— குழாயிலயிருந்து அப்புடியேவா ஊத்துவாங்க? பால்கனியில வாளிய வெச்சு, கோயில் மரத்து வேப்பில ரெண்டு கொத்துப் போட்டு, நாள் முழுக்க வெயில்ல காய வெச்சேன். புள்ளைங்களுக்கும் அப்புடித்தான் ஊத்துவோம்.

— வெயிலில நிண்டா அந்த மருந்து பறந்திரும். தண்ணியும் தொட்டிட சூட்டுக்கு வந்திரும். இத ஆர் சொல்லித் தந்தது?

— யாரும் சொல்லித் தரல. அப்புடித்தான் செய்யுறது. அப்புறம் தெனமும் காலையில ஒரு குழாய வெச்சு அடியில கெடந்த குப்பைய மணலோட மணலா உறிஞ்சி எடுத்தேன். உதுந்த முத்து காலடியில கெடக்கலாமா? அத மிதிச்சா திரும்பப் போடும்.

— அடியில கிடந்ததையா? ஒவ்வொரு நாளும்?

— ஆமா. ஏன் எழுதுறத நிப்பாட்டிட்டீங்க?

— ஒண்டுமில்ல. புள்ளி எத்தினாம் நாள் போனது?

— அஞ்சாம் நாளு. ஒண்ணுகூட இல்லாம எறங்கிட்டா.

— அண்டைக்கே நிப்பாட்டியிருக்கலாமே. ஏசியப் போட்டிட்டு, பொரிச்சுச் சாப்பிட்டிருக்கலாம்.

— என்ன தம்பி பேச்சு இது. முத்து மறைஞ்சா அவ போயிட்டான்னு அர்த்தமா? அப்பதான் வீட்டுக்குள்ள நடமாடிக்கிட்டு இருப்பா. மூணு தண்ணி ஊத்தி, வாசல் வரைக்கும் கூட்டிட்டுப் போய் அனுப்பி வெச்சாத்தான் போவா. ஒண்ணவுட்டு ஒருநாளு ரெண்டு தண்ணி ஊத்தியாச்சு. இன்னைக்கு மூணாவது... ஏன் தரையில ஒக்காந்துட்டீங்க?

— அக்கா, புள்ளி மறையிறது அது சாகிறதில்ல. மீனை விட்டிட்டு அடியில போய் விழும். அங்க கிடந்து ஒண்டு ஆயிரமாகும். பிறகு ஆயிரமும் மேல எழும்பி மீனைத் தேடும். அந்த நேரத்திலதான் அதை மடக்கலாம். நானும் படிச்சனான். ஆனா புள்ளி போனதும் சுகமெண்டு நான்... ஆக்கள் நிப்பாட்டிப்போடுவினம். நீங்க நிப்பாட்டேல்ல. அதை நீங்க அறியவும் இல்ல. ஆனா அது அடியில விழுற இடத்தில, எழும்புற நேரத்தில, வாளியோட போய் நிண்டிருக்கிறீங்க.

— நான் எங்க நின்னேன். அவ நிக்க வெச்சா.

— அந்தப் போத்தலை எடுங்க. மேல நான் எழுதினது என்ன?

— எனக்கு எழுத்துத் தெரியாது.

— இருவது துளி எண்டு கிடக்கு. லோச்சுக்குச் செதிள் இல்லாத மாதிரித்தான், தோல் மெல்லிசு. பத்துத்தான் தாங்கும். அவசரத்தில எழுதினனான். நீங்க என்ட பேச்சைக் கேட்டிருந்தா நாலும் அண்டு விடியிறதுக்கிடையில மிதந்திருக்கும்.

— அப்ப அன்னைக்குக் கதவ சாத்தினது நான் இல்ல தம்பி.

— இன்னொண்டும் இருக்கு. அந்த நாலு லோச்சையும் நான் கொண்டு வந்து விடேக்க, ஒண்டுட வாலில ரெண்டு புள்ளி இருந்தது. புது மீனைப் பதினைஞ்சு நாள் வேற தொட்டியில வச்சுப் பார்க்கோணும். வைக்கேல்ல.

— புள்ளி இருந்தது தெரியுமா?

— தெரியும்.

— தெரிஞ்சே என்னைய பஸ் ஏத்தப் பாத்திருக்கீங்க.

— ஓம்.

— நல்ல வேள, சுத்தி வளைக்கல. எந்திரிங்க. பால்கனியில மூணாந் தண்ணி நெறைஞ்ச வாளி இருக்கு. எனக்கு இடுப்பு வலி. தூக்கிட்டு வாங்க.

— எங்க ஊத்துறது?

— ஓரமா, மெதுவா. அதுங்க பயப்படக் கூடாது. ஆங், அப்புடித்தான். பாத்தீங்களா, பெரியவன் மேல வாறான். தண்ணி விழுற எடத்துலயே வந்து நிக்கிறான்.

— பாக்கிறன்.

— முடிஞ்சிருச்சு. இனி கெளம்புங்க. நான் வாசல்ல சொருகியிருக்கிற வேப்பிலய எடுத்துக் கடல்ல வுட்டு அவள அனுப்பிட்டு வரணும்... போகாம ஏன் நிக்கிறீங்க? நீங்களும் மீன் மாதிரியே வாயத் தொறந்து தொறந்து மூடுறீங்க.

— அந்த வேப்பிலைய இப்ப கடலில விடாதீங்க, அக்கா. என்ட கடையில பதினாறு தொட்டி. பதினாறிலயும் அம்மா போட்டிருக்கிறா.